எட்டாவது அடி

மட்டாஞ்சேரித் தமிழர் மரபு மன்றத்தின் கண்காட்சிக் குழு ஐந்து மாதங்களில் ஒன்பது முறை கூடியது. முதல் நான்கு கூட்டங்களில் யார் பெயரை அழைப்பிதழில் மேலே போடுவது என்று விவாதித்தார்கள். ஐந்தாவதில் குடித்த சாயா நன்றாக இருந்தது. ஒன்பதாவது கூட்டத்தில்தான் கண்காட்சியில் எதையாவது வைக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அதனால் ஒரு புதன்கிழமை காலை, தலைவர் சங்கரலிங்கமும் குழு உறுப்பினரான டாக்டர் ஸ்வர்ணலதாவும் யூதர் தெருவான ஜூ டவுனில் அப்துல் நாசரின் பழம்பொருள் கடைக்கு வந்தார்கள்.

நாசர் அந்த நாளுக்காகத் தவம் கிடந்தவர். மகளைக் காக்கநாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்தி இவருடைய கடையை ‘ஆக்ரிக் கடை’ என்றே சொல்வார். ஆக்ரி என்றால் காயலான் சாமான். நிக்காஹ் பந்தலிலேயே நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னார். கண்காட்சியில் ‘அப்துல் நாசர் குடும்பத்தார் வழங்கியது’ என்று ஓர் அட்டை, அதன் முன்னால் சம்பந்தி. நாசருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடையின் நடுவில் பெட்டி ஒன்று தயாராக இருந்தது. பலா மரம், பித்தளைப் பூட்டு. மூடியின் முன்விளிம்பில் காசு அளவுக் குழிகள் வரிசையாக இருந்தன.

“எங்க பூட்டனுக்குப் பூட்டன் பெட்டியாக்கும் சாரே” என்றார் நாசர். இடது கட்டைவிரலில் பெரிய துணிக்கட்டு. அதைத் தோள் துண்டுக்குள் மறைத்திருந்தார். “மிளகு ஏத்திக்கிட்டுக் கடல்ல போவாரு. ஒவ்வொரு தடவ திரும்பி வரும்போதும் ஒரு குழி அடிப்பாரு.”

சங்கரலிங்கம் மரத்தை முகர்ந்தே காலம் சொல்லக்கூடியவர். அப்படி அவரே சொல்லியிருக்கிறார். குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார். முந்தின வாரம் பூசிய தேயிலைச் சாயம் அவருடைய நாசியில் ஏறியது.

“முந்நூறு ஆண்டுகள்” என்றார். “குறையாது.”

பிறகு குழிகளை எண்ணினார். பூட்டுக்கு இடப்பக்கம் நான்கு. வலப்பக்கம் மூன்று. நான்காவது இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையைத் தடவியபோது தலைவரின் குரல் தழுதழுத்தது.

“எட்டாவது பயணத்திலிருந்து அவர் திரும்பவில்லை!”

இது நாசருக்கே புதுச் செய்தி. சற்றுத் திகைத்தார். பிறகு தலையைத் தாழ்த்தி, “இல்ல சாரே... திரும்பல” என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சங்கரலிங்கம் பத்திரிகைக்காரர் ஒருவருக்குப் போன் செய்ய வெளியே போனார்.

டாக்டர் ஸ்வர்ணலதா பெட்டியைப் பார்க்கவில்லை. முப்பது ஆண்டுகள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். பாலக்காட்டுக்காரர். அவர் பார்த்தது துண்டை.

“விரல்ல என்னாச்சு? காட்டுங்கோ.”

“ஒண்ணுமில்ல டாக்டரம்மா. பழைய அடி. போன கொல்லம் பட்டது. எடைக்கெடைக்கு வீங்கும்.”

எதற்கும் வயது கூட்டிச் சொல்லிப் பழகிய வாய். விரலுக்கும் ஒரு வருஷம் கூட்டிவிட்டது.

“பழுத்துப் போகும்னு பயம் இவங்களுக்கு” என்றாள் சாயா கொண்டுவந்த மனைவி ஷம்சியா. “என் பல்லு வேதனைக்கு வாங்குன ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்துச்சு. அத நாலு நாளா முழுங்குறாங்க.”

“அதை முதல்ல நிறுத்துங்கோ.” டாக்டர் கட்டை அவிழ்த்தார். விரல் சிறு கத்தரிக்காய் போல இருந்தது. நகத்தடியில், வேரை ஒட்டியே, கறுப்பாக ரத்தம் கட்டியிருந்தது. சுற்றிலும் கருநீலம், அதன் ஓரத்தில் பச்சை, அதற்கும் வெளியே மஞ்சள். “தோல் கிழியவே இல்லையே. கிருமி எங்கேர்ந்து வரும்?”

“கிருமி இல்லன்னா பின்ன எதுக்கு வீங்குது?” என்றார் நாசர்.

“நசுங்கினதும் செல்லெல்லாம் உடைஞ்சு, உள்ளே இருக்க வேண்டிய சாமான் வெளியில கொட்டறது, கேட்டேளா. பக்கத்துல காவலுக்கு நிக்கற அணுக்களுக்கு அது போரும். கள்ளன் வந்தானா இல்லையான்னு விசாரிக்கறதில்லை. வீடு இடிஞ்சிருக்கு, அவ்வளவுதான். உடனே ஆளனுப்பறது. ரத்தக் குழாய் விரியறது, அதாக்கும் சிவப்பும் சூடும். நீர் கசியறது, அது வீக்கம். சில மணி நேரத்துல வெள்ளணுக்கள் கூட்டமா வந்து நிக்கும்.”

“யாரு கூப்புட்டு?” என்றாள் ஷம்சியா.

“கொட்டிக் கிடக்கற சாமான்தான் அழைப்பு.”

“கூட்டம் போட மாட்டாங்களா?” வாசலில் போனில் முழங்கிக்கொண்டிருந்த தலைவரைப் பார்த்தபடி ஷம்சியா கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். “மாட்டா. வந்து வேலையைப் பார்த்து அங்கேயே செத்தும் போயிடுவா. அப்புறம் துப்புரவுக்காரா வருவா, பெரிய அணுக்கள். செத்ததையும் சிந்தின ரத்தத்தையும் தின்னுத் தீர்க்கும். அப்படித் தின்னுண்டிருக்கறச்சேதான் நீலம் பச்சையாறது, பச்சை மஞ்சளாறது.” விரலை வெளிச்சத்தில் திருப்பினார். “நிறத்தைப் பாத்து இன்ன கிழமைன்னு சொல்ல முடியாது. சொல்றேன்னு சொல்றவா பொய் சொல்றா. ஆனா மஞ்சள் வந்தாச்சு, வீக்கம் வடியலை, நகத்துல கறுப்பு வேரை விட்டு நகரவே இல்லை. இது நாள் கணக்காக்கும். கொல்லக் கணக்கில்லை.”

“வெள்ளிக்கிழமை” என்றாள் ஷம்சியா. “ஜும்ஆ முடிஞ்சு வந்து.”

நாசர் மனைவியை முறைத்தார். முறைக்கும்போது விரல் வலித்தது.

டாக்டர் பெட்டியின் பக்கம் திரும்பினார். இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் மூன்று. மேசைக்கடியில் குமிழ் முனை இரும்பு ஒன்றும் சுத்தியல் ஒன்றும் கிடந்தன. குமிழ் முனையை எடுத்து ஒரு குழியில் வைத்தார். அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது.

“எட்டாவது பயணம் உங்க விரலுக்கு வந்திருக்கு, நாசர்.”

நாசர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சாயா ஆறிக்கொண்டிருந்தது.

“மரத்தை அடிச்சா ஒத்தரும் வர்றதில்லை” என்றார் டாக்டர், யாரையும் குற்றம் சொல்லாத குரலில். “சிவக்காது, வீங்காது. அடிச்சது அடிச்சபடியே நிக்கும். அதனால நாம என்ன கதை சொன்னாலும் அதுக்குச் சம்மதம். விரல் அப்படியில்லை.”

“தலைவர்ட்ட சொல்லப் போறீங்களா?”

“நான் எதுக்கு? நீங்கதான் சொல்லணும். உங்க பேராக்கும் அட்டையில.”

நாசர் பெட்டியைப் பார்த்தார். அட்டையை நினைத்தார். சம்பந்தியையும் நினைத்தார். இன்று டாக்டரம்மா பார்த்ததை நாளை சம்பந்தி கூட்டிவரும் ஏதோ ஒரு ஆள் பார்த்தால்? ஆக்ரியைவிட மோசமான சொற்கள் காக்கநாட்டில் இருக்கும்.

“இந்தக் கடையில நெசமாப் பழசு ஒண்ணே ஒண்ணுதான்” என்றாள் ஷம்சியா. “அந்தச் சுத்தியல். இவங்க அத்தா மிளகுப் பெட்டிக்கு ஆணி அடிச்சது. அவங்க அத்தாவும் அடிச்சது.”

சங்கரலிங்கம் உள்ளே வந்தார். “செய்தி கொடுத்துவிட்டேன்! திரும்பாத எட்டாவது பயணம்!”

“சாரே,” என்றார் நாசர், “பெட்டி வேண்டாம். அது போன மாசம் பெரும்பாவூர்லேர்ந்து வந்த பலகை. குழி நான் அடிச்சது. இந்தச் சுத்தியலை எடுத்துக்குங்க.”

தலைவர் மீண்டும் போனை எடுத்தார், வைத்தார். பிறகு சுத்தியலை வாங்கி, கண்ணை மூடி முகர்ந்தார்.

“போர்த்துக்கீசிய இரும்பு” என்றார். “நான் முதலிலேயே பெட்டியில் ஒரு குறையை உணர்ந்தேன்.”

மூன்று வாரம் கழித்துக் கண்காட்சி திறந்தது. கண்ணாடிப் பேழைக்குள் சுத்தியல். அட்டையை டாக்டரே எழுதியிருந்தார்: ‘சுத்தியல். மூன்று தலைமுறை. அப்துல் நாசர் குடும்பத்தார் வழங்கியது. இன்றும் பயன்பாட்டில் உள்ளது.’

சம்பந்தி அதன் முன்னால் வெகு நேரம் நின்றார். “இன்னிக்கும் வேலை செய்யுதா? என்ன வேலை?”

நாசரின் விரல் வற்றிப் பழைய அளவுக்கு வந்திருந்தது. நகத்தின் கறுப்பு வேரைவிட்டு எள் அளவு மேலே ஏறியிருந்தது.

“புதுசப் பழசாக்கும்” என்றார்.

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். உண்மையைச் சொன்னதற்கு நாசருக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான். வெளியே வந்ததும் ஷம்சியா கேட்டாள், “சுத்தியல மூணு மாசம் உள்ளயே வைப்பாங்களாமே. அதுவரைக்கும் கடைக்கு என்ன பண்ணுவீங்க?”

நாசர் விரலைப் பார்த்தார். யாரும் கூப்பிடாமலேயே அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது.

“நகம் வளரட்டும்” என்றார்.