கொழும்பு ஆறும் பதின்மூன்றும்

"மெஷின் வேலை செய்யுதோ, இல்லாட்டி நித்திரையோ?" என்று நாகேந்திரம் கேட்டார்.

வெள்ளவத்தையில் அவர் நடத்தும் விசா ஆலோசனை நிலையத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் போட்டி நிறுவனம் ஒன்றுக்குப் போயிருந்தன. போனது அங்கே வேலை செய்யும் மஸாஹிராவின் கணக்கிலிருந்து. அந்தக் கணக்கை வேறு யாராலும் திறக்க முடியாதென்றால் அவளுக்கு இன்றோடு வேலை இல்லை. கடிதம் மேசையில் தயாராக இருந்தது. சோதித்துச் சொல்ல வெளியிலிருந்து வந்தவள் நிருஷா. நாகேந்திரத்தையும் சேர்த்து நிலையத்தின் பத்தொன்பது பேரின் கடவுச்சொற்களும் பூட்டிய வடிவில் அவளுடைய மடிக்கணினியில் இருந்தன.

உலகமெங்கும் பயன்படும் ஆங்கிலச் சொற்பட்டியலை ஓட்டியும் ஒரு கடவுச்சொல்கூடத் திறக்கவில்லை. எல்லா எழுத்துச் சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாக முயன்றால் பல ஆண்டுகள் ஆகும் என்று திரை காட்டியது.

"பாத்தீரோ? நான் போட்ட ரூல். பெரிய எழுத்து, குறி, இலக்கம். ஒருத்தராலயும் உடைக்கேலாது. அப்ப செய்தது ஆர்?"

"என்னைப் பாத்துக் கேக்காதீங்க சேர்," என்றாள் மஸாஹிரா.

நிருஷா சுவரைப் பார்த்தாள். நாகேந்திரம் தம் கையால் எழுதி ஒட்டிய மாதிரிக் கடவுச்சொல் அங்கே இருந்தது: Tharani@06.

"தரணி ஆர் சேர்?"

"என்ர மகள்."

"ஆறு?"

"கொழும்பு ஆறு. வெள்ளவத்தையின்ர தபால் இலக்கம் எண்டு தெரியாதோ உமக்கு?"

நிருஷா ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதிப் படிவங்களைக் கேட்டு வாங்கினாள். அவற்றிலிருந்த கணவன், மனைவி, பிள்ளைகளின் பெயர்களைப் பட்டியலாக்கி, ஒவ்வொன்றின் பின்னும் @06 சேர்த்து ஓட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் பதினெட்டு திறந்தன. நாகேந்திரத்தினுடையது சுவரில் இருந்த அதே சொல், எழுத்து மாறாமல்.

திறக்காதது மஸாஹிராவினுடையது மட்டும்.

அவர் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "எங்கட எல்லாற்றையும் ஆரும் திறக்கலாம். உம்மடதைத் திறக்கேலாது. இனி என்ன கதை? சைன் பண்ணும்."

மஸாஹிரா கடிதத்தைத் தொடவில்லை. "எல்லாரும் வெள்ளவத்தையிலயா ஈக்கிறாங்க? நான் கொட்டாஞ்சேனை."

நிருஷா ஆறுடன் நிற்காமல் கொழும்பின் ஒன்று முதல் பதினைந்து வரையான எல்லாத் தபால் வட்டார இலக்கங்களையும் சேர்த்து மறுபடி ஓட்டினாள். ஒரு நொடி. Rukkiya@13. கொட்டாஞ்சேனை கொழும்பு பதின்மூன்று.

"இது செல்லாது! அவ சொல்லித் தந்தவ!" என்றார் நாகேந்திரம்.

"அவ தன்ர வீடு எங்கயெண்டுதான் சொன்னவ, சேர். அது படிவத்தில முதல் வரியில கிடக்கு. மகளின்ர பெயர் அஞ்சாவது வரியில. படிவத்தை நீங்கள் பூட்டில்லாத அலுமாரியில இருந்துதான் எடுத்துத் தந்தனீங்கள்."

"அப்ப கள்ளன் ஆர்? உம்மட மெஷின் சொல்லுமோ?"

"சொல்லாது. பத்தொன்பது பேரில ஆராவும் இருக்கலாம். நீங்களும் சேர்த்தி."

நாகேந்திரம் கடிதத்தை இழுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். மஸாஹிராவைப் பார்க்காமலே, "போய் வேலையைப் பாரும்," என்றார்.

அவள் எழும்பவில்லை. "களவெடுத்தவள் எண்டு எழுதினீங்க தானே? இல்லையெண்டும் எழுதித் தாங்க."

"எழுதமாட்டன்."

"சரி. அப்ப புதுக்கடைக் கோட்டில நீதிபதி எழுதச் சொல்லட்டும். மிஸ், உங்கட ரிப்போர்ட்டோட சாட்சிக்கு வருவீங்களா?"

"கூப்பிட்டா வருவன்," என்றாள் நிருஷா.

லாச்சி மறுபடி திறந்தது. நாகேந்திரம் பேனையை எடுத்தார்.

"என்ன எழுதவேணும்? சொல்லித் துலையும்."