இடப்பக்கம் திரும்பாத கார்

எழுபத்தொரு வயதில் நான் வாங்கிய காருக்கு நூற்றறுபது குதிரை சக்தி. கீழ்பென்னாத்தூரில் எங்கள் குடும்பம் ஏழு தலைமுறையாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்தது. ஒரு தலைமுறையிலும் ஒரு குதிரைகூட இருந்ததில்லை. விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து வாங்கியதாக வைத்துக்கொள்ளலாம்.

சிவப்பு நிறம். பின்னால் இரண்டு புகைக்குழாய். இப்போது நாங்கள் இருப்பது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குச் சற்றுத் தள்ளி ஒரு புதுத் தெருவில். அங்கே காலையில் அதைக் கிளப்பினால் ஏழு வீட்டுக்காரர்கள் தங்கள் மிக்ஸியை நிறுத்திவிட்டு, இன்னும் ஏன் சத்தம் வருகிறது என்று பார்ப்பார்கள்.

வேலூரில் இருக்கும் என் மாப்பிள்ளை சுரேஷ்குமாருக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது. வண்டி வந்த வாரமே மகள் நந்தினியோடு வந்து, மூன்று தடவை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மாமா, இது வயசானவங்க ஓட்டுற வண்டி இல்ல. ஆயிரம் கிலோமீட்டர்ல மொதல் ஆயில் மாத்தணும். மெக்கானிக்க கூப்புடாம உங்க கையாலயே மாத்திக் காட்டுங்க. மாத்திட்டீங்கன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். முடியலன்னா சாவி எங்கிட்ட."

"வண்டி என்னுதாச்சே மாப்ள."

"சாவி யாருகிட்ட இருக்குதோ வண்டி அவங்களுது மாமா."

நந்தினி தலையாட்டினாள். என் மனைவி ராஜம்மாள் யார் பக்கமும் தலையாட்டவில்லை. ஆயிரம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி என்று கெடு வைத்தோம்.

நாற்பது வருஷம் டிராக்டருக்கும் கிணற்று ஆயில் இன்ஜினுக்கும் ஆயில் மாற்றியவன் நான். ஒரு தடவை உழுதுகொண்டிருந்த டிராக்டரை நிறுத்தாமல், அதன் கூடவே நடந்துகொண்டு மாற்றியிருக்கிறேன். எனவே சரி என்று சொல்லிவிட்டேன். வேண்டுதல் அப்போது ஞாபகம் வரவில்லை.

வேண்டுதல் இதுதான். வண்டி வந்த அன்று, அண்ணாமலையார் கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்கிற அம்பலவாணன் குருக்கள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். எதிரே மலை தெரிந்தது. நான் வேண்டுதல் விஷயத்தில் கொஞ்சம் தாராளம். "அண்ணாமலையாரே, முதல் ஆயில் மாத்தி முடிக்கிற வரைக்கும் இந்த வண்டியில எதையும் என் கையால இடப்பக்கம் திருப்ப மாட்டேன். எல்லாம் உனக்கு வலந்தான்" என்று சொல்லிவிட்டேன். குருக்கள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு எலுமிச்சம்பழத்தைச் சரியாக நகர்த்தி வைத்தார்.

அந்த ஆயிரம் கிலோமீட்டரையும் மலையைச் சுற்றியே ஓட்டினேன். சுற்று ஒன்றுக்குப் பதினான்கு கிலோமீட்டர், அறுபத்தைந்து சுற்று. மீதித் தொண்ணூறு கிலோமீட்டர், இடப்பக்கம் இருக்கும் எங்கள் தெருவுக்கு மூன்று தடவை வலப்பக்கம் திரும்பித் திரும்பி வந்து சேர்ந்ததில் போனது. கிரிவலப் பாதையில் இரண்டொரு இடத்தில் ரோடு லேசாக இடப்பக்கம் வளையும். அங்கெல்லாம் ஸ்டியரிங்கை விட்டுவிடுவேன். வண்டி தானாகப் போனால் அது என் கை இல்லை. பின்னால் போனால் சக்கரம் இடமாகச் சுற்றிவிடும் என்று ரிவர்ஸ் கியரைத் தொட்டதே இல்லை. ஒரே ஒரு நாள் மட்டும் ஆசைக்குக் கொஞ்சம் அழுத்தினேன். முன்னால் ஒரு சிவப்புக் கார் வழியை மறித்துக்கொண்டு போனது. ஹாரன் அடித்தேன், விடவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது என் நம்பர் பிளேட். வேகத்தைக் குறைத்துவிட்டேன்.

இதையெல்லாம் போனில் கேட்ட மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டி முன்னால போறப்ப, இடது பக்கமா நின்னு பார்த்தா சக்கரம் இடமாத்தான மாமா சுத்தும்?"

"நான் ஒக்காந்திருக்கறது வலது பக்கம் மாப்ள. இங்கருந்து பார்த்தா வலமாத்தான் சுத்துது. நீங்க எதுக்கு அந்தப் பக்கம் போய் நிக்கிறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீடு கட்டியதில் மிச்சமான கருங்கல் பலகைகளைப் போர்டிகோவில் அடுக்கி, முன்சக்கரம் இரண்டையும் அதன் மேல் ஏற்றினேன். பின்சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தேன். ஆயில் இளகுவதற்காகச் சற்று நேரம் இன்ஜினை ஓடவிட்டு, பட்டனை அழுத்தி நிறுத்தினேன். புது ஆயில், புது ஃபில்டர், போல்ட்டுக்கு ஒரு செம்பு வாஷர், எல்லாம் பேப்பர் மேல் வரிசையாக இருந்தன. ராஜம்மாள் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் போன்.

மல்லாக்கப் படுத்துக் கீழே நகர்ந்தேன். ஆயில் தொட்டியின் அடியில் வடிகிற போல்ட் தரையைப் பார்த்தபடி இருந்தது. பதினேழாம் நம்பர் ஸ்பானரை மாட்டினேன். கழற்ற வேண்டுமானால் இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன்.

"இன்னாங்க, தூங்கிட்டீங்களா?"

"யோசிக்கிறேன்."

"படுத்தா ஒடனே உங்களுக்கு யோசனை வந்துரும்."

வலமாகவே போய்க்கொண்டிருந்தால் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரலாம் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். போல்ட்டுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று வலப்பக்கம் திருப்பினேன். கால் சுற்று போனது. அப்புறம் போகவில்லை. இரண்டு கையும் போட்டு அழுத்தினேன். ஸ்பானர் மெல்ல வளைந்தது, போல்ட் அசையவில்லை. முன்னே எப்படி இருந்ததோ அதைவிட இப்போது இறுக்கம் ஜாஸ்தி. வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன்.

ராஜம்மாள் ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டாள். "அறுபத்தஞ்சு சுத்து வலமா சுத்தி வண்டில இருக்கற எல்லாத்தையும் முடுக்கி வச்சிருக்கீங்க. ஒரு சுத்து இடமா போய்ட்டு வாங்க. தானா கழண்டுக்கும்."

"மலைய இடமா சுத்தச் சொல்றியா?"

"நான் இன்னாத்தக் கண்டேன். வேண்டிக்கிட்டது நீங்க."

"நீ கழட்டிக் குடு."

"எனக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்ல. ஆனா உங்க கையாலயே மாத்தணும்னு மாப்ள சொன்னாரு இல்ல? நாளைக்கு எங்கிட்ட வந்து கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவள் பொய் சொல்ல மாட்டாள். அது எங்கள் வீட்டில் என் இலாகா. அப்போது போன் அடித்தது. ராஜம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள். பஸ் சத்தத்துக்கு நடுவே மாப்பிள்ளையின் குரல்.

"அத்தை, போளூர் தாண்டிட்டேன். மாமா இன்னா பண்றாரு?"

"வண்டிக்கு அடியில படுத்துக்கினு யோசிக்கிறாரு."

"நல்லா யோசிக்கச் சொல்லுங்க. அவசரம் இல்ல."

சொந்த பைக் வைத்திருப்பவர் பஸ்ஸில் வருகிறார் என்றால், திரும்பிப் போகும்போது பஸ்ஸில் போவதாக இல்லை என்று அர்த்தம். மணி பதினொன்று பத்து. கேட் ஓரத்துத் தண்ணீர்க் குழாயில் கையைக் கழுவினேன். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் ஐம்பது நிமிஷத்துக்கு அது என் பையில்தான் இருக்க முடியும்.

அந்த நேரத்துக்கு அம்பலவாணன் குருக்கள் ஸ்கூட்டரில் வந்தார். காலை முறை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர், எங்கள் வீட்டில் காபி குடிக்காமல் தாண்ட மாட்டார்.

"என்ன ஆதிமூலம், வண்டியைக் கல்லு மேல ஏத்திப் பிரதிஷ்டை பண்ணிட்டியா?"

"சாமி, அன்னிக்கு வேண்டிக்கிட்டப்ப நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. ஒரு வழி சொல்லுங்க."

விஷயத்தைக் கேட்டார். காபியை வாங்கிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காபி சிந்தாமல் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து மலையைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

"போல்ட்டு எந்தப் பக்கம் பார்த்துண்டிருக்கு?"

"தரைய."

"நீ எங்கேர்ந்து பார்க்கறே?"

"கீழருந்து, மல்லாந்து."

"வேண்டிண்டது யாருக்கு?"

"அண்ணாமலையாருக்கு."

"அவர் எங்கே இருக்கார்?"

நான் மலை உச்சியைக் காட்டினேன்.

"கீழேர்ந்து பார்க்கறவனுக்கு அது இடம். மேலேர்ந்து பார்க்கறவருக்கு அதே வலம். வேண்டுதல் உனக்கா, அவருக்கா?"

நான் கையை மேலே தூக்கி, கீழே போட்டு, இரண்டு விதமாகவும் திருப்பிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வலது பக்கம் உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தவனுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை.

ராஜம்மாள் உரிப்பதை நிறுத்தினாள். "அப்ப திருப்பி முடுக்குறப்ப, சாமி? மேலருந்து பார்த்தா அது இடமா ஆயிடுமே."

குருக்கள் மீதிக் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"கழட்டறச்சே அவர் பார்க்கட்டும். முடுக்கறச்சே நீ பார்த்துக்கோ."

நாற்பது வருஷம் சன்னிதியில் நின்றவரால்தான் அப்படி ஒரு தீர்ப்பு சொல்ல முடியும். சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இன்னும் இரண்டு கேள்வி வந்தால் என்ன ஆகுமோ என்று அவருக்கே தோன்றியிருக்கலாம்.

கீழே போனேன். வளைந்த ஸ்பானரையே மாட்டி, மேலே இருக்கிறவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஸ்பானரின் முனையைக் காலால் உதைத்தேன். டக் என்று விட்டது. ஆயில் முழங்கை வரை வந்தது. புதுக் காரின் முதல் ஆயில் என்பதால் அதில் இரும்புத் தூள் பொடிப்பொடியாக மின்னியது. ராஜம்மாளின் பழைய பேசின் நிறைந்தது. ஃபில்டரும் தரையைப் பார்த்தபடிதான் இருந்தது, அதே தீர்ப்பில் கழன்றது. புது ஃபில்டரையும், புது வாஷரோடு போல்ட்டையும், என் பக்கத்திலிருந்து பார்த்து முடுக்கினேன்.

ஆயில் ஊற்றுகிற மூடி இன்ஜினுக்கு மேலே, வானத்தைப் பார்த்தபடி இருந்தது. மேலே இருக்கிறவர் பார்த்தாலும் நான் பார்த்தாலும் அதைத் திறப்பது இடப்பக்கம்தான். குருக்கள் போயாகிவிட்டது. ராஜம்மாள் எழுந்து வந்து ஊறுகாய் பாட்டிலைத் திறப்பதுபோலத் திறந்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மூடி திறப்பது ஆயில் மாற்றுவதில் சேராது என்று இந்தத் தீர்ப்பை நானே சொல்லிக்கொண்டேன்.

நாலரை லிட்டர் ஊற்றினேன். கிளப்பி, ஒழுகவில்லை என்று பார்த்து, நிறுத்தி, அளவுக் கம்பியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கோட்டில் நின்றது. வேண்டுதல் முடிந்தது. செங்கல்லை நகர்த்திவிட்டு, முதல் தடவையாக ரிவர்ஸ் கியரைப் போட்டேன். வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பின்னால் வந்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாப்பிள்ளை கேட்டைத் திறந்தார். பேசினைப் பார்த்தார். என் முழங்கையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

"அவரு கையாலதான் மாத்தினாரு," என்றாள் ராஜம்மாள்.

"அப்ப இடப்பக்கம் திருப்பிட்டீங்க. வேண்டுதல் போச்சே மாமா."

"குருக்கள்கிட்ட கேட்டுக்குங்க."

அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பானட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி, ஆயில் நல்லா ஏறிடுச்சான்னு ஒரு ரவுண்டு பார்த்துட்டு வரேன்" என்று கையை நீட்டினார்.

மாப்பிள்ளை நீட்டிய கையில் ஒன்றும் வைக்காமல் இருக்க முடியாது. சாவியைக் கொடுத்தேன்.

வண்டி தெருமுனைக்குப் போனது. அங்கே இடப்பக்கம் திரும்பினால் வேலூர், வலப்பக்கம் திரும்பினால் மலை. இடப்பக்க விளக்கு மினுக்கியது. ஒரு ரவுண்டுக்கு வேலூர் வரை போக வேண்டுமா என்று ராஜம்மாள் மெதுவாகக் கேட்டாள். விளக்கு மினுக்கியபடியே வண்டி வலப்பக்கம் திரும்பிப் போய்விட்டது.

அரை மணி நேரம் கழித்து போன் வந்தது.

"மாமா, மலைக்குப் பின்னால, அடி அண்ணாமலைகிட்ட இருக்கேன். ஸ்டியரிங்க எவ்ளோ ஒடிச்சாலும் வலப்பக்கமேதான் போகுது."

"ஒடிக்காதீங்க மாப்ள. அதுக்கு வழி தெரியும். சும்மா ஒக்காந்திருங்க, வீட்டுல கொண்டாந்து விட்டுரும்."

ஒரு மணிக்கு வண்டி தெருவின் பின்பக்கமாக, மூன்று வலது திருப்பமும் சரியாகப் போட்டு வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். நெற்றியில் விபூதி இருந்தது. எங்கே இறங்கி இட்டுக்கொண்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, சாவியை என் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாப்புக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அது இடப்பக்கம் மாமா, நடந்தே போய்க்கிறேன் என்றார்.

இப்போது வண்டிக்கு இடப்பக்கம் திரும்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தினம் ஒரு பாடம். அவசரம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை வருகிற வாரங்களில் பாடத்தை நிறுத்திவைக்கிறேன்.