குஃப்ரான் பாதியில் விட்ட நாவல்

குஃப்ரான், நபா, ஷைமா, நான் என்று எங்கள் நான்கு பேர் குழுவில் முடித்துவிட்ட புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அது குஃப்ரான் போட்ட சட்டம்.

"முடிச்சவங்க எல்லாம் வாத்தியார் மாதிரி பேசுவாங்கடி. பாதியில இருக்கறவங்களுக்குத்தான் மூச்சு வாங்கும். எனக்கு மூச்சு வாங்கறவங்க போதும்" என்பாள்.

அதனால் இப்போது எந்தப் புத்தகம் கையில் இருக்கிறதோ, அதைப் பற்றி மட்டும்தான் ஃபோனில் எழுதுவோம். எந்த இடத்தில் இருக்கிறோம், ஏன் கீழே வைக்க மனம் வரவில்லை, மற்றவர்கள் ஏன் இதைப் படித்தே ஆக வேண்டும். நபாவின் மாமா பாக்தாதிலிருந்து வரும்போது மொழிபெயர்ப்பு நாவல்கள் வாங்கி வருவார். நால்வருக்கும் ஒரே பிரதிதான். ஒருத்தி முடித்ததும் அடுத்தவளுக்குப் போகும்.

அந்த நாவலை முதலில் எடுத்தவள் குஃப்ரான். நான்காவது அத்தியாயத்திலேயே குழுவில் எழுதினாள்: "எல்லாத்தையும் கீழே போடுங்க. சோறு, பரீட்சை, பார்க்க வர்ற மாப்பிள்ளை, எல்லாத்தையும். இதைப் படிக்காம கிழவியாகிடாதீங்க."

வடக்கே எங்கோ ஒரு பனி ஊர். குளிர்காலத்தில் அந்த ஊரின் ஆறு உறையும். உறைந்த ஆற்றின் மேல் வண்டிகள் போகலாமா என்று முதலில் நடந்து பார்த்துச் சொல்வதுதான் இங்க்ரி என்ற பெண்ணின் வேலை. கையில் ஒரு நீளக் கழி. தட்டிக் கேட்டபடியே நடப்பாள். அக்கரையில் அவளோடு பேசாமல் போன தம்பி இருக்கிறான். ஊரார் எல்லோரையும் அக்கரைக்கு அனுப்புகிறவள், தான் மட்டும் ஆற்றின் நடுவரை போய்த் திரும்பிவிடுவாள்.

இதை குஃப்ரான் எழுதியபோது பாஸ்ராவில் வெயில் ஆரம்பித்திருந்தது. குளிரூட்டி நின்று போன அறையில், ஈரத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவள் எழுதியதைப் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே பேரீச்ச மட்டைகள் அசையாமல் நின்றன. எனக்குக் காலடியில் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. "முடிச்சிட்டியா? எனக்குத்தான் அடுத்து" என்று கேட்டேன். "மெதுவாத்தான் படிப்பேன். காத்திருந்து சாவுடி" என்று பதில் வந்தது.

பிறகு கல்லூரியில் ஒருநாள் அவளுக்கு மூக்கிலிருந்து இரத்தம் வந்து நிற்கவே இல்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவளுடைய அம்மா, மூத்த பிள்ளையின் பெயரால் ஊர் அழைக்கும் உம் மைஸம், என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அழுது அழுது இமைகள் தடித்திருந்தன. ஆனால் அறைக்குள் போகும்போதெல்லாம் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் போவார்.

"அவகிட்ட வெறும் இரத்தசோகைன்னு சொல்லி வச்சிருக்கோம். அவ வாப்பாவும் அதைத்தான் சொல்றார், டாக்டரும் அதைத்தான் சொல்றார். நீங்க மூணு பேரும் அதையே சொல்லணும். உங்க மூஞ்சியைப் பார்த்து எம்புள்ள கண்டுபிடிச்சா, நான் சாகறவரைக்கும் உங்களை மன்னிக்க மாட்டேன். கேட்டுச்சா துஹா?"

"கேட்டுச்சு, சித்தி."

நாங்கள் அழகாக நடித்தோம். ஈரல் வாங்கி வந்தோம். மாதுளம்பழச் சாறு கொண்டு வந்தோம். "இரும்புச்சத்து இல்லாத இரும்புப் பொம்பளை" என்று ஷைமா கேலி செய்தாள். குஃப்ரான் சிரித்தாள். அவளுக்குத் தலைமுடி கொட்டியபோது, அது மாத்திரையின் சூடு என்றோம். அவள் எங்களை நம்பினாளா என்று கேட்டுக்கொள்ள எங்களுக்குத் தைரியமில்லை.

நாவல் அவள் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. பாதியில் ஒரு மருந்துச்சீட்டு செருகியிருந்தது. காய்ச்சலில் எழுத்துகள் மிதக்கின்றன, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன் என்றாள்.

"எனக்கு ஒரே கவலைடி" என்றாள் ஒருநாள். "பாதி படிச்சிட்டு உங்க எல்லார்கிட்டேயும் அந்தக் குதி குதிச்சேன். பின்பாதி சொதப்பலா இருந்தா? தம்பி திடீர்னு வந்து கட்டிப் புடிச்சு அழுதா? என் மானமே போயிடும்."

"நீ சொன்னதுல இதுவரைக்கும் எது நல்லா இருந்திருக்கு?" என்றாள் நபா.

"போடி. அந்த மீனவன் கதையைப் படிச்சிட்டு யாரு கழிவறையில உட்கார்ந்து அழுதது?"

"எனக்கு அன்னைக்கு வயித்து வலி."

குஃப்ரான் சிரித்தாள், உடனே இருமல் வந்தது. உம் மைஸம் தண்ணீர் கொடுத்தார். இருமல் அடங்கியதும் குஃப்ரான் முகம் மலர்ந்து ஒரு விஷயம் சொன்னாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். ஊசி எல்லாம் நிறுத்தியாகிவிட்டதாம்.

"தேறிட்டேன் போல" என்றாள்.

உம் மைஸம் தம்ளரைக் கழுவ எழுந்து போனார். அது ஏற்கெனவே கழுவிய தம்ளர்.

"வீட்டுக்குப் போனா அத்தைங்க, மாமிங்க, அவங்க பேரப்புள்ளைங்கன்னு கூட்டமா வந்து உட்கார்ந்துடும். நாம நாலு பேரும் ஒரு வார்த்தை பேச முடியாது" என்றாள் குஃப்ரான். "அதுக்குள்ள மிச்சக் கதையை எனக்குச் சொல்லிடுங்க. யாராவது படிச்சிட்டு வந்து சொல்லுங்க. முழுசா. இங்க்ரி அக்கரைக்குப் போறாளா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

அவளுக்குத் தெரியாமல் அவளுக்காகச் செய்ய எங்களிடம் எத்தனையோ இருந்தன. அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தோம். மிச்சமிருந்தது பெரிய பாதி. மறுநாள் வியாழன், ஒருத்தி ஒரே இரவில் படித்து முடிக்க முடியாது. வெளியில் வந்து நின்றபோது நபாதான் வழி சொன்னாள்.

"ஆளுக்கொரு பாகம் எடுத்துக்கலாம். செத்த வீட்டுல குர்ஆனை முப்பது பாகமாப் பிரிச்சு வந்தவங்க கையில குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி. ஆளுக்கொண்ணு படிச்சா ஒரே உட்கார்ல முழுசும் முடிஞ்சிடும்."

"வாயைக் கழுவுடி" என்றாள் ஷைமா. "உவமைக்கு உனக்கு வேற வீடே கிடைக்கலையா?"

ஆனால் வழி நல்ல வழிதான். பள்ளிவாசல் பக்கத்து நகல் கடையில் பின்பாதியை மூன்றாகப் பிரித்து நகலெடுக்கக் கொடுத்தோம். மாமாவின் பிரதியைக் கிழிக்க மனமில்லை. கொடுத்த கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. தெருவின் ஜெனரேட்டரும் அன்று பழுது. வியாழன் பிற்பகலில்தான் வேலை முடிந்தது. கடைக்காரர் ஒவ்வொரு பாகத்துக்கும் பச்சை அட்டை போட்டுத் தைத்துக் கொடுத்தார். அவரிடம் எப்போதும் அந்த அட்டைதான் இருக்கும். நன்றி சொல்லிவிட்டு டாக்சி பிடித்து நேராக மருத்துவமனைக்குப் போனோம். அங்கேயே வேகமாகப் படித்து, அங்கேயே சொல்லிவிடுவது என்று முடிவு.

குஃப்ரான் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வை கழுத்து வரை இருந்தது. உம் மைஸம் இல்லை. டாக்டர் கூப்பிட்டிருக்கிறார் என்று பக்கத்துக் கட்டில் பெண்மணி சொன்னார்.

"நல்லதாப் போச்சு. அவ முழிக்கறதுக்குள்ள படிச்சிடலாம்" என்றாள் ஷைமா.

நாற்காலிகளைக் கட்டிலைச் சுற்றி இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். நபா கால்மாட்டில், ஷைமா இடதுபக்கம், நான் தலைமாட்டில். முதல் பாகம் நபாவுக்கு, நடுப்பாகம் ஷைமாவுக்கு, கடைசிப் பாகம் எனக்கு. ஃபோன்களை அணைத்தோம். மூன்று பேரும் கறுப்பு முக்காடு. மூன்று பேர் தலையும் குனிந்திருந்தது. நபாவுக்கு உதடு அசையாமல் படிக்க வராது.

நான் பனிக்குள் போய்விட்டேன். நடுவிலிருந்து தொடங்கியதால் முதலில் எதுவும் புரியவில்லை. இங்க்ரியிடம் இப்போது ஒரு நாய் இருந்தது. அது எப்போது வந்தது? அவள் கை ஏன் காயமாக இருக்கிறது? யாரையும் கேட்க முடியவில்லை. முந்தைய பாகங்களை வைத்திருந்தவர்களும் இன்னும் அந்த இடத்துக்கு வந்திருக்கவில்லை. கழி பனியைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அலறல்தான் கேட்டது.

உம் மைஸம் வாசலில் நின்றார். வெள்ளைப் போர்வைக்குள் அசையாமல் மகள். சுற்றிலும் தலைகுனிந்து, கையில் பச்சை அட்டைப் பாகங்களோடு, மூன்று பெண்கள். ஒருத்திக்கு உதடு வேறு அசைகிறது. அந்தத் தாய் எத்தனை செத்த வீடுகளில் உட்கார்ந்து இதே பச்சை அட்டை போட்ட குர்ஆன் பாகங்களைக் கையில் வாங்கியிருப்பார்.

"எம்புள்ளைக்கு ஓதறீங்களா! எம்புள்ளைக்கா!" இரண்டு கைகளாலும் முகத்தில் அறைந்துகொண்டார். "ஒரு வாரம்னுதானே சொன்னார்! இப்பத்தானே சொன்னார்! வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஒரு வாரம் இருப்பான்னு சொன்னாரே! இன்னைக்குன்னு சொல்லலையே யா அல்லாஹ்!"

ஓடி வந்து குஃப்ரானின் கால்களின் மேல் விழுந்தார்.

"உம்மா" என்றாள் குஃப்ரான்.

எப்போது விழித்தாள் என்று தெரியவில்லை. கண்கள் அகலத் திறந்திருந்தன. உம் மைஸம் தலையைத் தூக்கினார். மகளின் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அடுத்த நொடியில், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது.

பக்கத்துக் கட்டில் பெண்மணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது நாவல், உம்மா" என்றாள் குஃப்ரான். குரல் மெல்லியதாக இருந்தது. "துஹா, காட்டு."

நான் என் பாகத்தைப் பிரித்து நீட்டினேன். உம் மைஸத்துக்கு அவ்வளவாகப் படிக்க வராது. ஆனாலும் எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார்.

"நான் வேற ஒருத்தரைப் பத்திச் சொன்னேன், கண்ணு" என்றார். "மூணாவது வார்டுல ஒரு அம்மா…"

"சரி, உம்மா."

"நெசமாத்தான்."

"சரின்னுதானே சொல்றேன். இங்க வா. தரையில உட்காராதே, சில்லுன்னு இருக்கும். கட்டில்ல உட்காரு."

உம் மைஸம் எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். குஃப்ரான் அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். கூரையையே பார்த்தாள். நபா வாயில் முக்காட்டின் நுனியைத் திணித்திருந்தாள்.

"ஊசியை நிறுத்தினப்பவே கேட்டிருக்கணும்" என்றாள் குஃப்ரான். "கேட்டா சொல்லிடுவீங்களோன்னு பயம்."

பிறகு அழுதாள். சத்தமில்லாமல், காதுப் பக்கமாகக் கண்ணீர் வழிய, நிறைய நேரம் அழுதாள். அம்மா துடைத்துக்கொண்டே இருந்தார். எங்களுக்கு எழுந்து போவதா இருப்பதா என்று தெரியவில்லை. ஷைமா எழுந்தாள்.

"எங்கடி போறே?" என்றாள் குஃப்ரான் மூக்கை உறிஞ்சியபடி. "கதை யாரு சொல்றது? முதல் பாகம் யார்கிட்ட?"

"என்கிட்ட" என்றாள் நபா.

"சொல்லு. அழாம சொல்லு. நீ அழுதா உனக்கு மூக்குலதான் பேச்சு வரும், ஒண்ணும் புரியாது."

நபா சொன்னாள். பாதி மூக்கிலேதான் பேச்சு வந்தது. நாய் எப்படி வந்தது என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. உடைந்த பனியில் விழுந்த குதிரைக்காரனின் நாய் அது. அடுத்து ஷைமா சொன்னாள். அவள் எதையும் விடாமல் சொல்கிறவள். இங்க்ரி தம்பிக்குச் சொல்லியனுப்பியதையும், அவனிடமிருந்து பதில் வராததையும், அந்த வருஷம் ஆறு தாமதமாக உறைந்ததையும் சொன்னாள். குஃப்ரான் கண்களை மூடிக் கேட்டாள். நடுவில் ஒருமுறை "ச்சே, இவ எழுதறதைப் பாரேன்" என்றாள், யாரோ ஒரு தூர தேசத்து எழுத்தாளரைப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. உம் மைஸம்கூட, "அவன் ஏன் பதில் அனுப்பலை? கூடப் பொறந்தவதானே?" என்று கோபப்பட்டார்.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. மாலை அஸர் தொழுகை முடிந்து, பார்வையாளர்களை வெளியேற்றும் தாதி தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் குரல் கொடுக்க ஆரம்பித்தார். என் முறை வந்தது.

நான் பாதிகூடப் படித்திருக்கவில்லை. அலறலில் நின்ற பக்கத்தில் என் விரல் இன்னும் இருந்தது. அதில் இங்க்ரி நாயோடு ஆற்றில் இறங்கியிருந்தாள். நடுவை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் முடிக்கலை, குஃப்ரான்" என்றேன். "கடைசியைப் புரட்டிப் பார்த்துச் சொல்லட்டுமா?"

அவள் யோசித்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது அங்கேதான் இருந்தது, சில பக்கங்களுக்கு அப்பால். நான் அட்டையின் ஓரத்தைப் பிடித்தேன்.

"வேணாம்" என்றாள். "நீ பாதியில இருக்கே இல்ல? பாதியில இருக்கறவ மாதிரி சொல்லு. எப்படி இருக்கு? நான் படிக்கலாமா?"

அட்டையிலிருந்து கையை எடுத்தேன். பனியின் நிறம் நடுவில் மாறுவதைச் சொன்னேன். நாய் அவளுக்கு முன்னால் போக மறுத்து உட்கார்ந்துகொள்வதைச் சொன்னேன். அவள் அதன் காதில் ஏதோ சொல்கிறாள், என்ன சொன்னாள் என்று எழுதவில்லை, அந்த இடத்தில் நானும் மூச்சை நிறுத்திவிட்டேன் என்றேன். "நீ சொன்னது சரிதான். சொதப்பலே இல்லை. படிச்சே ஆகணும்டி. எல்லாத்தையும் கீழே போட்டுட்டுப் படிக்கணும்."

"உனக்கு அடுத்து யாரு?"

"யாரும் இல்லை."

"அப்ப நான்" என்றாள் குஃப்ரான். "முடிச்சதும் குடு."

தாதி வாசலுக்கு வந்து கைதட்டினார். நாங்கள் எழுந்தோம். நான் பாகத்தைப் பையில் வைக்கப் போனேன். உம் மைஸம் என் கையைப் பிடித்தார், தாழ்வாரத்தில் பிடித்த அதே இறுக்கம் இல்லை. பச்சை அட்டையை ஒருமுறை தடவினார்.

"மெதுவாப் படிம்மா" என்றார். "அவ காத்திருப்பா."