கூடத்து விளக்கின் நயம்

பரீட்சைக் கையேடு போடும் பதிப்பகத்தில் கவிதைகளுக்கு நயம் எழுதுவது அவர் வேலை. எதைக் கொடுத்தாலும் உவமை எங்கே, உருவகம் எங்கே, எது எதற்குக் குறியீடு என்று மளமளவென்று பிரித்து வைத்துவிடுவார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'நயம் சார்'தான். வீட்டிலும் அதே புத்தி. "சாப்பாட்டுல உப்பு இருக்கான்னு கேட்டா, உப்பு எதுக்குக் குறியீடுன்னு யோசிக்கிற மனுஷன்!" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவள் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அவர் பேச்சைக் கேட்க நாற்காலிகள்தான் மிச்சம்.

ஒரே மகள் வேறு ஊரில் இருந்தாள். கல்யாணமான புதிதில் தினமும் பேசியவள், இப்போது கூப்பிடுவதே அபூர்வம். புருஷனோடு சந்தோஷமாக இருக்கிறாள், அதனால்தான் அப்பன் நினைப்பு வரவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். ஆனாலும் மனசு கேட்காது. போனை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார்.

அன்று மதியம் அச்சுக்குப் போகிற பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு கவிதை எழுதினேன். படிக்கட்டுமா?"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மெதுவாகப் படித்தாள்.

*போகும்போது விளக்கை*
*எரியவிட்டுப் போகிறேன்.*
*திரும்பி வரும்போது*
*ஜன்னலாவது விழித்திருக்கட்டும்.*

"அடடா! உயிரில்லாத ஜன்னலுக்கு உயிர் குடுத்திருக்கியே! விளக்கு இருக்கே, அது நம்பிக்கையோட குறியீடு. மோனைதான் கொஞ்சம் இடிக்குது. அதை மட்டும் சரி பண்ணிடு, அருமையா வந்துடும்."



"சரிப்பா. வேலையைப் பாருங்க" என்று வைத்துவிட்டாள். இவரோ பக்கத்து மேசைக்காரரிடம் மகளின் புலமையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

மாலையில் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தார். உள்ளே கும்மிருட்டு. சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவினார். மனைவி இருந்தவரை, அவர் வரும் நேரத்தில் இந்தக் கூடம் இருட்டாக இருந்ததே இல்லை. தடவிய கை அப்படியே நின்றது. புருஷனும் இருக்கிற வீட்டில் ஒருத்தி எதற்கு விளக்கை எரியவிட்டுப் போக வேண்டும்? இருட்டில் நின்றபடியே மகளைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, அந்த விளக்கு..."

"அது எதுக்கும் குறியீடு இல்லப்பா. எங்க கூடத்து ட்யூப்லைட்."

"மாப்பிள்ளை எங்கம்மா?"

"அவர் என்னை விட்டுட்டுப் போயி ரொம்ப நாளாச்சு. நேரா சொல்ல வாய் வரலை. கவிதைன்னா உங்களுக்குப் புரியும்னு நினைச்சேன்."

ஊரார் கவிதைக்கெல்லாம் பொருள் எழுதிய மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"நாளைக்கு வேலைக்குப் போறப்ப லைட்டை அணைச்சிட்டுப் போம்மா" என்றார் கடைசியில். "சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்து வை. நீ வர்றதுக்குள்ள நான் வந்து போட்டு வைக்கிறேன்."