குழி விழுந்த கல்

"நீ சொல்லாம வேற யாருடி சொல்லியிருப்பா? கேட்டைத் திறந்ததும் நேரா பின்பக்கம் போறாங்க. என் வீட்டுத் துவைக்கிற கல் எந்த மூலையில கிடக்குன்னு அவங்க கனவுல வந்துச்சா?"

"அக்கா, குழி விழுந்த கல்லைத் தேடுறாங்கன்னு ஓடி வந்து சொன்னதே நான்தானே?"

"அதான் கேக்கறேன். உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

டெய்லரம்மாவின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கோபத்தில் கழற்ற மறந்து தெருவுக்கு வந்துவிட்டாள். எதிரே நின்றவளுக்குத் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை. அவள் பெயரும் ஜெராக்ஸ்தான். கடையால் வந்த பெயரா, காதில் விழுவதைச் சூடு ஆறுவதற்குள் நகலெடுத்துத் தெருவெல்லாம் விநியோகிப்பதால் வந்ததா என்பதில் இரண்டு கருத்து உண்டு.

தெருவுக்குப் பின்னால் இருக்கிற குன்றில் எந்தக் காலத்திலோ தாமிரம் வெட்டியிருக்கிறார்கள். மூன்று மாதமாக அகழாய்வுக்காரர்கள் அங்கே தோண்டி, தண்ணீர் விழுந்து பெரிய சக்கரம் சுற்றிய பள்ளத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற மர உலக்கைகள் வரிசையாக எழும்பி விழுந்து தாமிரக் கல்லைப் பொடியாக்குமாம். சக்கரத்தின் இடம் கிடைத்துவிட்டது, உலக்கை இடித்து இடித்துக் கல்லில் குழி விழுந்த இடம்தான் கிடைக்கவில்லை. அது எந்த வீட்டுக்கு அடியில் இருக்கிறதோ அந்த வீடு காலிசெய்யப்படும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாரும் யார் வீட்டுக்கும் சர்க்கரை கேட்டுப் போகவில்லை.

டெய்லரம்மா அந்த வீட்டை வாங்கியபோதே பின்பக்கம் கிடந்தது அந்தக் கல். மேலே இரண்டு வட்டக் குழி. ஒன்றில் சோப்பு வைப்பாள், இன்னொன்றில் பிரஷ். ஜெராக்ஸ் வந்து சொன்ன ஞாயிற்றுக்கிழமை மதியமே கணவரைக் கூப்பிட்டு, கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லைக் குப்புறத் தள்ள வைத்தாள். அவர் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் "அது அப்படியில்ல" என்று ஆரம்பிக்கிற மனுஷன், அன்றைக்கு வாயே திறக்காமல் நெம்பினார். டெய்லரம்மா அதைக் கவனிக்கவில்லை. சந்தேகப்படுவதற்கு வீட்டுக்கு வெளியிலேயே ஏகப்பட்ட பேர் இருந்தார்கள்.

திருப்பிப் பார்த்தால் அடியிலும் இரண்டு குழி, இன்னும் ஆழமாக. மறுபடி நெம்ப அவர் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. ஈரப் போர்வை ஒன்றைப் போட்டு மூடிவைத்தாள்.

திங்கட்கிழமை வந்த அகழாய்வு அம்மா போர்வையை விலக்கிக் குழிக்குள் விரலை விட்டுத் தடவினாள். "ஒரு பக்கம் தேஞ்சதும் திருப்பிப் போட்டு இடிச்சிருக்காங்க." பிறகு கல் பெயர்ந்த இடத்து மண்ணை அள்ளிப் பார்த்தாள். பச்சைப் பச்சையாக, நறநறவென்று இருந்தது. "கல்லை எங்கேருந்து வேணா உருட்டிட்டு வரலாம். இந்தத் தாமிரப் பொடி இங்கேயேதான் விழுந்திருக்கு. நீங்க கல்லைத் தள்ளாம இருந்தா இதைப் பார்த்தே இருக்க மாட்டோம்மா" என்று நன்றி வேறு சொன்னாள்.

அவர்கள் ஜீப் கிளம்பியதும்தான் தெருவில் அந்தச் சண்டை.

அதற்குப் பிறகு டெய்லரம்மா ஜெராக்ஸுக்குத் துணி தைக்கவில்லை. தெருவும் டெய்லரம்மா பக்கம்தான் நின்றது. விசித்திரம் என்னவென்றால், கேட்காத கேள்விக்கே மூன்று பதில் சொல்கிற ஜெராக்ஸ் இதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை. "பாத்தீங்களா, வாய் வரல அவளுக்கு" என்றாள் டெய்லரம்மா.

"பாவம், விடு. அவளைத் திட்டாதே" என்றார் கணவர்.

"நீங்க எதுக்கு அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றீங்க?" அடுத்த இரண்டு நாள் அந்தக் கோணத்தில் வேறு சந்தேகப்பட்டுப் பார்த்தாள்.

நான்கு மாதத்தில் வேறொரு பேட்டையில் மாற்று வீடு கொடுத்தார்கள். தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது ஜெராக்ஸ் வந்தாள். கையில் மடித்த தாள்.

ஒரு புகைப்படத்தின் நகல். டெய்லரம்மாவின் கல், திருப்புவதற்கு முன்னால். ஒரு குழியில் பாதி தேய்ந்த சோப்பு. பக்கத்தில் அளவுக்காக ஒரு கை விரித்து வைக்கப்பட்டிருந்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்த கை. பம்ப் ஹவுஸில் வால்வு திருகும்போது ஒடிந்து, ஒழுங்காகக் கூடாமல் போன விரல். மூலையில் சனிக்கிழமைத் தேதி. அன்றைக்கு டெய்லரம்மா தன் தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள்.

"அன்னிக்கே அகழாய்வுக்காரங்க வந்து ஆறு காப்பி கேட்டாங்கக்கா. ஏழா எடுத்தேன்" என்றாள் ஜெராக்ஸ். "சக்கரம் எப்படிச் சுத்தியிருக்கும்னு அண்ணன் தினமும் சாயங்காலம் குன்றுல போய் விளக்குவாராம். 'நீங்க சொல்றதுதான் சரி சார்'னு அவங்க சொல்லும்போது அவர் முகத்தைப் பாக்கணுமே."

"இத்தனை நாளா என் வாயில விழுந்தியே, ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க யாரோடக்கா இருப்பீங்க?"

வண்டியின் முன்சீட்டிலிருந்து அவர் எட்டிப் பார்த்தார். "என்ன அது?"

"அளவு" என்றாள் டெய்லரம்மா. தாளை நாலாக மடித்து ஊசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். "ரொம்ப நாள் கஸ்டமரோடது."

அந்த வருடமே ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டுத் தங்கை ஊருக்குப் போய்விட்டாள்; காட்டிக்கொடுத்தவள் இருப்பாளா என்று தெரு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் புகைப்படம் எடுத்த அகழாய்வுப் பையன் டெய்லரம்மாவின் தம்பி மகளுக்கு நாத்தனாராக வந்தவளையே கட்டிக்கொண்டான். முகூர்த்த ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் டெய்லரம்மாதான்.

புது வீட்டில் துவைக்கிற கல் வழவழவென்று சிமெண்டில் போட்டது. சோப்பு நிற்பதில்லை. தினமும் காலையில் அவர் குனிந்து குனிந்து அதைத் துரத்திப் பிடிக்கிறார். டெய்லரம்மா கழுத்தில் நாடாவோடு ஜன்னலருகே நின்று, சோப்பைப் பொத்திப் பிடிக்கிற அந்த வளைந்த சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.