வால் முளைத்த புத்தகங்கள்

கம்பத்தில் எஸ்டேட் ஜீப்புகள் நிற்கும் சந்தில் ஒரு படிப்பகம் இருக்கிறது. அதன் நூலகர் ஸ்டான்லி, இருபத்தாறு வருடத்தில் ஒரு புத்தகத்தைக்கூடத் தொலைத்தவர் அல்ல. எங்கே இருக்கின்றன என்று தெரியாதவை மட்டும் முந்நூற்று நாற்பது.

படிப்பகத்தை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் தங்கப்பாண்டியன் வந்து காலி அலமாரிகளைத் தட்டிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வருவேன். எந்தப் புத்தகம் யாரு கையில இருக்குன்னு சொல்லணும். இல்லைன்னா இந்த இடத்தை ஏலக்காய் மூட்டை அடுக்குற கிட்டங்கிக்கு விட்டுருவோம்."

ஏலக்காய் வாசம் ஸ்டான்லிக்குப் பிடிக்கும். இருந்தாலும் அன்றைக்கே போனை எடுத்தார்.

அல்லிநகரத்திலிருந்து நதியாவை வரவழைத்தார். கம்ப்யூட்டர் படித்த பெண். புத்தகங்களுக்கு ஓர் அட்டவணை, உறுப்பினர்களுக்கு ஓர் அட்டவணை என்று போட்டாள். புத்தகத்தின் பக்கத்தில் 'இப்போது யாரிடம்' என்று ஒரு கட்டம்.

"புதுப் பேரு போட்டா பழைய பேரு என்னாகும்மா?"

"அழிஞ்சிரும் சார். சிம்பிள்."

இரண்டு நாள் பதிவேட்டைப் பார்த்து அடித்து முடித்தபோது, முந்நூற்று நாற்பதுக்கும் நேராக ஒரே பெயர் நின்றது: மலையம்மாள், அட்டை எண் பதினேழு.

"சார், ஒரு ஆளுக்கு ரெண்டு புத்தகந்தானே குடுக்கணும்?"

"ரெண்டு ரெண்டாத்தான் குடுத்தேன்," என்றார் ஸ்டான்லி. "பதினோரு வருசமா."

மலையம்மாள் தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிக்கப் போகிறவள். மறுநாள் காலை ஜீப் கிளம்புமுன் ஸ்டான்லி அவளைப் பிடித்தார்.

"எல்லாம் மேலதான் இருக்கு சார். நம்ம ஆளுக படிக்கிறாக. ஞாயித்துக்கிழமை இறக்கிருவோம். வாலைச் சுருட்டத்தான் நேரமாகும்."

என்ன வால் என்று கேட்பதற்குள் ஜீப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று ஜீப்புகளில் புத்தகங்கள் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் வால் இருந்தது. கடைசிப் பக்கத்தில் வாங்கியவர் பெயர், வாங்கிய நாள், கொடுத்த நாள். பக்கம் நிறைந்ததும் தாளை ஒட்டியிருந்தார்கள். பசை தாங்காமல் போனதும் சாக்குத் துணியைத் தைத்திருந்தார்கள். சமையல் புத்தகத்தின் வால் பதினாலு அடி. கோழி வளர்ப்புப் புத்தகத்தின் வாலை விரித்தபோது அது வாசலைத் தாண்டி, டீக்கடையைச் சுற்றி, சந்துமுனை வரை போனது. ஜீப்புகள் மிதிக்காமல் ஒதுங்கி நின்றன. பாதி தூரத்தில் பெயர்கள் மலையாளத்துக்கு மாறியிருந்தன.

"கை மாறுனா வரி ஒண்ணு ஆத்தா," என்றாள் மலையம்மாள் நதியாவிடம். "பழசை அழிக்கவே கூடாது. அழிச்சா, நான் குடுத்துட்டேன், நீ குடுக்கலைன்னு குடுமிப்பிடி சண்டை வந்துரும்."

நதியா வாலின் ஓரமாகவே சந்துமுனை வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். உள்ளே போய் 'இப்போது யாரிடம்' கட்டத்தை நீக்கினாள். மூன்றாவது அட்டவணை ஒன்று போட்டாள்: புத்தக எண், உறுப்பினர் எண், எடுத்த நாள், கொடுத்த நாள். ஒவ்வொரு இரவலுக்கும் ஒரு வரி. கொடுத்த நாள் காலியாக இருந்தால் புத்தகம் அவர் கையில்.

பன்னிரண்டு பெண்கள் வாசிக்க வாசிக்க அன்று பகலும் இரவும் அடித்தாள். இருபத்தோராயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு வரி. அவள் விரல்களில் இரண்டு இன்னும் நேராகவில்லை.

திங்களன்று தங்கப்பாண்டியன் வந்தபோது அலமாரிகள் மறுபடி காலி. காலை ஜீப்பிலேயே எல்லாம் மலையேறிவிட்டன.

"புத்தகம் எங்கய்யா?"

ஸ்டான்லி மலையைக் கை காட்டினார்.

"எதையாச்சும் கேளுங்க சார்," என்றாள் நதியா.

"கோழி வளர்ப்பு."

திரையில் வந்தது: பாண்டியம்மாள், இன்று காலை எடுத்தது. அவளுக்கு முன் இருநூற்றுப் பதினொரு பேர். தங்கப்பாண்டியன் திரையை மேலே தள்ளினார். பெயர்கள் வந்தன. இன்னும் தள்ளினார். இன்னும் வந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சன்னல் வழியே தெரிந்த மலையைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பேரா?" என்றார். "அங்கன?"

நதியா தலையாட்டினாள்.

"படிப்பகம் இங்கனயே இருக்கட்டும்யா," என்றவர், கொஞ்சம் தயங்கி, "அந்தக் கோழிப் புத்தகத்துக்கு என் பேரையும் போடும்மா," என்றார்.

நதியா போட்டாள். "உங்களுக்கு முன்னாடி முப்பத்தெட்டுப் பேரு சொல்லி வச்சிருக்காக சார்."

"பரவாயில்லை," என்று தங்கப்பாண்டியன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.