விபத்து என்கிற வார்த்தை

சூசையின் வீட்டு வாசலில் மணவாளன் ஊன்றுகோலோடு போய் நின்றது 1966 தை மாதத்தில். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். பட்டாளத்தில் இரண்டு பேரும் ஒரே லாரி. மணவாளன் ஓட்டுவான், சூசை பக்கத்தில் உட்கார்ந்து வருவான். முந்தின செப்டம்பரில், பாகிஸ்தானோடு நடந்த சண்டையில், ரேஷன் மூட்டை ஏற்றிப் போன அந்த லாரி பஞ்சாபில் ஒரு கால்வாய்க்குள் கவிழ்ந்தது. சூசை அங்கேயே செத்துப்போனான். மணவாளனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

சூசையின் மனைவி ஆரோக்கியமேரி கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"நீதான வண்டி ஓட்டுனது?"

"நான்தான் தங்கச்சி. பிளேன்காரன் சுட்டுக்கினே தாழ வந்தான். அதனால..."

"டிரைவர் கவனமில்லாம ஓட்டுனதால விபத்துன்னு கவர்மெண்டே எழுதிக்கீது. நீ இன்னா புதுசா கதை சொல்றே?"

கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழந்தை அழுதது. மணவாளன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினான்.

அவள் சொன்னது பொய்யில்லை. அப்படித்தான் எழுதியிருந்தது. ஆட்கள் வந்து சேர்ந்தபோது விமானம் போய்விட்டிருந்தது, லாரி தண்ணீருக்குள் கிடந்தது. சுற்றிலும் சண்டை. லாரியைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. மணவாளன் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே விசாரணை முடிந்துவிட்டது. கண் விழித்து அவன் விமானத்தைப் பற்றிச் சொன்னபோது, எழுதியதை மாற்ற முடியாது என்றார்கள். சாட்சி சொல்ல இருந்த ஒரே ஆள் சூசை.

மணவாளன் பழவேற்காட்டுக் குப்பத்தில் பிறந்தவன். கட்டைக்காலோடு படகில் நிற்க முடியவில்லை. சில வருஷம் கழித்து கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தபோது, ஓர் இரும்பாலையின் கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மனைவி குப்பம்மாளோடு ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் குடிவந்தான். கொஞ்ச நாளில் ஆரோக்கியமேரியும் அதே பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனி கேன்டீனுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி அவன் கேட்டைத் தாண்டித்தான் அவள் போகவேண்டும். அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்கத்துக்குச் சாலையைக் கடந்துவிடுவாள். அவனும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

1974இல் அவனுடைய வலது தொடையில் ஒரு கட்டி கிளம்பியது. நல்ல கால். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் அவசரத்தில் தைத்துவிட்ட பழைய தழும்புக்கு அடியிலேயே வந்தது. ஜுரம் ஏறியதும் குப்பம்மாள் அவனை மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கீறிப் பார்த்த டாக்டர், சீழோடு வந்த ஓர் இரும்புத் துண்டைக் கழுவிக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்.

"பட்டாளத்துல இருந்தீங்களா? இது குண்டுச் சிதறல் மாதிரி இருக்கே."

மணவாளன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். ஓர் ஓரத்தில் செம்பு ஒட்டியிருந்தது. லாரி இரும்பில் இப்படிச் செம்பு ஒட்டியிருக்காது என்று அவனுக்குத் தெரியும். குப்பம்மாள் கேட்டாள்.

"இத்தினி நாளா இத உள்ளாற வெச்சுக்கினா படுத்துனு இருந்தே?"

"சுட்டான்னு சொன்னேன் இல்ல. சொன்னேன் இல்ல, குப்பு!"

சண்டையில் காயம்பட்டவர்களுக்கு அரசு புதிதாக ஒரு பதக்கம் அறிவித்திருந்தது. பழைய சண்டைகளில் காயம்பட்டவர்களும் கேட்கலாம். எதிரியின் தாக்குதலில் நேராகப் பட்ட காயமாக இருக்கவேண்டும், அதுதான் நிபந்தனை. அறிவிப்பு வந்தபோது மணவாளன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே, டாக்டர் தந்த சான்றோடு காஞ்சிபுரத்துக்குப் போனான். முன்னாள் ராணுவத்தினர் அலுவலகம் அங்கே இருந்தது. ரிடையரான மேஜர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். நிதானமானவர். முழுவதையும் கேட்டுவிட்டு, துண்டை ராணுவ மருத்துவர்களுக்கு அனுப்பிவைத்தார்.

பதில் வர மழைக்காலம் முடிந்துவிட்டது. விமானத்துப் பீரங்கிக் குண்டின் சிதறல்தான் என்று உறுதி செய்திருந்தார்கள். மேஜர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்களுக்குப் பதக்கம் கிடைக்கும், மணவாளன். தொடையில் பட்ட காயத்துக்கு."

"கால் போனதுக்கு, சார்?"

"காலை நசுக்கியது லாரி. அது விபத்து என்று பதிவாகியிருக்கிறது. குண்டு பட்டது மட்டும்தான் எதிரி தாக்குதலில் சேரும்."

"ரெண்டும் ஒரே நேரம் சார். ஒரே வண்டி. குண்டு பட்டதாலதான் வண்டி கவுந்துச்சு. அந்த விபத்துன்ற வார்த்தைய அடிங்க சார், அது போதும். அது இருக்கச்சொல்ல எனக்குப் பதக்கம் வேணாம்."

"அந்த விசாரணையைத் திருத்துவது என் கையில் இல்லை. அதற்குத் தனியாக மேலே எழுதவேண்டும். இதை ஏன் விடுகிறீர்கள்?"

"வேணாம் சார்."

கையெழுத்துப் போடாமலே திரும்பிவிட்டான். வீட்டில் குப்பம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஊரே உன்ன லாரி கவுத்தவன்னு சொல்லுது. குடுக்கறன்னு சொல்றத வேணாம்னு வந்துக்கீறியே!" அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை குப்பம்மாள் அவனிடம் சொல்லாமல் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள். ஆரோக்கியமேரி இறங்கியதும் எதிரே போய் நின்றுகொண்டாள்.

"நான் வாட்ச்மேன் பொண்டாட்டி. நீ பேச வேணாம். நான் சொல்றத மட்டும் கேளு." தொடையிலிருந்து எடுத்த துண்டு, மெட்ராஸ் டாக்டர், மேஜர், இவன் வேண்டாமென்று வந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். ஆரோக்கியமேரி நடக்க ஆரம்பித்தாள். ஆனால் அன்றைக்குச் சாலையைக் கடக்கவில்லை. நேராக இரும்பாலை கேட்டுக்கு வந்து நின்றாள். மணவாளன் ஸ்டூலைவிட்டு எழுந்தான்.

"மெய்யா?"

"இன்னாது?"

"குண்டு எடுத்தது."

தொடையில் டாக்டர் கீறி எடுத்த இடத்தைப் பேன்ட் துணியோடு சேர்த்து அழுத்திக் காட்டினான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது.

"அப்போ ஏன் வேணாம்னே? மூளை கீதா உனக்கு?"

"கால் போனதும் சூசை போனதும் விபத்துன்னு வெச்சுக்கினு, தொடைக்கு மட்டும் குடுக்கறாங்களாம். அத நான் எப்பிடி மாட்டிக்கினு நிக்கறது? உன் எதிர்ல எப்பிடி நிக்கறது?"

"என் எதிர்ல நிக்கறத நான் பாத்துக்கறேன். நீ அத வாங்கு மொதல்ல. வாங்குனா, அன்னிக்கு அந்த வண்டிய எதிரி சுட்டான்னு கவர்மெண்டே ஒத்துக்கினதா ஆவும். ஒத்துக்கினப்புறம் நான் போய்க் கேக்கறேன், சுட்ட வண்டியில இருந்தவன் எப்பிடி விபத்துல செத்தான்னு. நீ அத வாங்காம, நான் எதக் காட்டிக் கேப்பேன்?"

கேன்டீனுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் வேகமாகப் போய்விட்டாள். அந்த வாரக் கடைசியில் மூன்று பேரும் காஞ்சிபுரம் பஸ்ஸில் இருந்தார்கள்.

மேஜர் அவளையும் உட்காரவைத்துக் கேட்டார். அவள் சொன்ன முறை சரிதான் என்றார். "ஆனால் லேசில் முடியாது அம்மா. நிறையத் தடவை வரவேண்டியிருக்கும்."

"வரேன் சார்."

மணவாளனுக்குப் பதக்கம் 1975 கோடையில் கிடைத்தது. கலெக்டர் ஆபீஸில் வைத்துக் கொடுத்தார்கள். சட்டையில் குத்தியதை வெளியே வந்ததும் கழற்றி ஆரோக்கியமேரியின் கையில் கொடுத்தான். அவள் மேஜரிடம் போய், "இத வெச்சு எழுதுங்க சார்" என்றாள்.

எழுதினார்கள். இல்லை என்று பதில் வந்தது. காலம் கடந்துவிட்டது என்று காரணம் சொல்லியிருந்தார்கள். மறுபடி எழுதினார்கள். சூசையின் மரணத்துக்கும் மணவாளனின் காயத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று அடுத்த பதில். மணவாளன் மெட்ராஸுக்கு வரவழைக்கப்பட்டு மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் வாக்குமூலம் கொடுத்தான். எந்தப் பக்கத்திலிருந்து விமானம் வந்தது, ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியது, சூசை எங்கே உட்கார்ந்திருந்தான் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான். வெளியே பெஞ்சில் ஆரோக்கியமேரி சாப்பாட்டுத் தூக்கோடு காத்திருந்தாள். இடையில் மேஜர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார்கள். கேன்டீன்காரன் இனிமேல் லீவு கேட்டால் வேலை கிடையாது என்றான். அவள் கேட்காமலே போய்விட்டு வந்து அடுத்த நாள் அடுப்படியில் நின்றாள். அவனும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை.

1977இல், ஆடி மாதத்தில், உத்தரவு வந்தது. பழைய விசாரணை முடிவு ரத்து. சூசை எதிரியின் விமானத் தாக்குதலில் போரில் இறந்தவர். வாகன ஓட்டியின் மேல் குற்றம் எதுவும் இல்லை.

ஆரோக்கியமேரி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மகளோடு மணவாளன் வீட்டுக்கு வந்தாள். பத்து வயது தாண்டிய அந்தப் பெண் உத்தரவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குப்பம்மாள் எல்லோருக்கும் மீன்குழம்பு ஊற்றினாள்.

கை கழுவிக்கொண்டு வந்து ஆரோக்கியமேரி சொன்னாள், "எத்தினியோ வருஷமா உன்னத் திட்டிக்கீறேன்."

"தெரியும். ஊத்துக்கோட்டை பஸ்ல வர்றவன் எல்லாம் வந்து சொல்லுவான்."

குப்பம்மாள் சிரித்துவிட்டாள். ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணே. அன்னிக்கு இன்னா நடந்துச்சு? ஆபீசருங்க கேட்டத வுடு. அது எனக்குத் தெரியும். அவரு இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?"

மணவாளன் கட்டைக்காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தான். இதை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

"டீ நல்லா இல்லன்னு திட்டிக்கினு வந்தான்" என்றான். "ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீய இந்தப் பட்டாளத்து சமையக்காரனுங்க ஒரு தபா குடிச்சுப் பாக்கணும்னு சொன்னான். அவனுக்கு எப்பவும் டீதான்."

"ஆமா" என்றாள் ஆரோக்கியமேரி. "எப்பவும் டீதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே, "அப்புறம்?" என்று கேட்டாள்.

சூசையின் மகள் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். மணவாளன் அன்றைய காலையிலிருந்து சொல்லத் தொடங்கினான்.